நோன்பு வாயோடு ஒரு சத்தியம்

"அம்மா, கொஞ்சம் உள்ள வாயேன்" என்று ஷிஃபானா கூப்பிட்ட குரலிலேயே ஏதோ சரியில்லை என்று ஜெய்த்தூனுக்குத் தெரிந்துவிட்டது. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மிஷினில் அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். குளியலறை வாசலில் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தாலும் பயந்த முகமாக இல்லை. எட்டாம் வகுப்பு டீச்சர் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லித்தான் வைத்திருந்தார்.

"நோன்பு முறிஞ்சிருச்சும்மா" என்றாள்.

பெற்றவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையா என்ன? ரமலான் மாதத்தில் பதிமூன்று வயதுப் பெண், மத்தியான நேரத்தில், தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு முறிந்துவிட்டது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், பெரிய மனுஷியாகிவிட்டாள்.

வேறு வீடாக இருந்தால் தாய்க்காரி மகளைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள், சிரித்திருப்பாள், அக்கம்பக்கத்துக்குச் சீனி கொடுத்தனுப்பியிருப்பாள். ஜெய்த்தூன் போய் வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். பக்கத்து வீட்டுப் பாலாமணியின் தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அந்தச் சத்தத்தில் இங்கே பேசுவது யாருக்கும் கேட்காது.

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இப்பத்தானம்மா பார்த்தேன். யாருகிட்டச் சொல்ல?"

"சொல்லக்கூடாது. மூச்சு விடக்கூடாது. உங்க மாமி பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கா."

விஷயம் இதுதான். ஷிஃபானாவின் அத்தா பீர்ஒலி, ஜெய்த்தூனைத் தலாக் சொன்ன வருஷம் பிள்ளைக்கு ஒன்பது வயது. பிள்ளை யாரிடம் இருப்பது என்று அருப்புக்கோட்டைப் பள்ளிவாசலில் ஜமாஅத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பெண்பிள்ளை பாலிகாகும் வரைக்கும் தாயிடம், பாலிகான பிறகு தகப்பன் வீட்டில், நம்முடைய ஹனபிச் சட்ட வழி அப்படித்தான் என்று முடித்தார்கள். பாலிகு என்றால் தொழுகையும் நோன்பும் ஒரு பிள்ளையின் தலையில் கடமையாக ஏறுகிற பருவம். பெண்ணுக்கு மாதவிலக்கு வந்த நாளிலிருந்து பாலிகு. ஒன்றுமே வராமல் போனாலும் பிறைக் கணக்கில் பதினைந்து வயது முடிந்தால் பாலிகு. ஜெய்த்தூன் அன்றைக்குத் தலையாட்டிவிட்டாள். மடியில் தூங்குகிற பிள்ளை பெரிய மனுஷியாகும் நாள் அப்போது கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தது. அது இன்றைக்கு, பீர்ஒலியின் அக்கா சபுரா வருகிற இதே நாளில்தானா வந்து சேர வேண்டும்? கெட்ட நேரம் வந்தால் ஒட்டகத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாலும் நாய் கடிக்கும் என்பார்கள். சும்மாவா சொன்னார்கள்?

மகளுக்கு வேண்டியதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். பிறகு அவள் இரண்டு தோளையும் பிடித்து உட்கார வைத்தாள்.

"இங்க பாரு தாயி. மாமி தொழக் கூப்பிட்டா நீயும் பக்கத்துல நில்லு. தொழுறேன்னு மனசுல நிய்யத்து வைக்காத, ஓதாத. சும்மா குனிஞ்சு நிமிரு, போதும்."

"இப்பத் தொழக்கூடாதும்மா. அல்லாவை ஏமாத்தச் சொல்றியா?"

"அல்லாவுக்கு எல்லாம் தெரியும்டி. உங்க மாமிக்குத்தான் தெரியக்கூடாது."

ஷிஃபானா சிரிக்கவில்லை. "நேத்து வரைக்கும் நான் என்ன தப்பு செஞ்சாலும் தோள்ல இருந்து கணக்கு எழுதுற மலக்குமாருக அதை எழுத மாட்டாக. இன்னைக்கு இருந்து எம் பேருல எழுதுவாகல்ல? மொத எழுத்தே பொய்யாவா இருக்கணும்?"

மதரஸாவில் ஓதப் போட்ட பிள்ளை. ஜெய்த்தூன் அவள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டாள். "அப்ப நீ பேசாத. பொய் சொல்றதை நான் சொல்லிக்கிறேன்" என்றாள். தன் பாவத்தைத் தானே சுமந்துகொள்ளலாம், நரகத்துக்குப் போனாலும் போகலாம், பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது. அந்த நேரத்தில் பெற்ற மனசு மார்க்கக் கிதாபைப் புரட்டிப் பார்க்குமா?

சபுரா வந்தாள். நரிக்குடிக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பஸ்ஸு மாறி, வேர்த்து விறுவிறுத்து வந்தாள். கனத்த உடம்பு. நோன்பு வேறு. வந்ததும் மருமகளுக்கு என்று வாங்கி வந்த சுடிதார் துணியையும் பேரீச்சம்பழத்தையும் எடுத்து வைத்தாள். பிள்ளையின் கன்னத்தை வழித்து நெற்றியில் நெட்டி முறித்துக்கொண்டாள். பிறந்த அன்றைக்கு ஷிஃபானாவை முதலில் கையில் வாங்கியவள் சபுராதான். அதை இல்லையென்று சொல்ல முடியாது.

"என்னடி மருமவளே, முகம் வாடிக் கெடக்கு? நோன்பா?"

"நோன்புதான் மதினி. வேண்டாம்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறா" என்று ஜெய்த்தூன் முந்திக்கொண்டாள். ஷிஃபானா தலையைக் குனிந்துகொண்டாள். மத்தியானத்திலேயே முறிந்த நோன்பு. ஒரு வாய் சோறு தின்றால் குற்றமில்லை. மாமி கண்ணில் படக்கூடாது என்று பிள்ளை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். சபுரா கை கால் கழுவி ஒளூச் செய்துவிட்டு வந்து பாயை விரித்தாள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக மூன்று பாய்.

"வாடி, தொழுவோம்."

ஷிஃபானா அம்மாவைப் பார்த்தாள். ஜெய்த்தூன் சட்டென்று அடுப்படியிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்து மகள் கையில் திணித்தாள்.

"பள்ளிவாசல்ல கஞ்சி ஊத்த ஆரம்பிச்சிருப்பாங்க மதினி. லேட்டாப் போனா அடிக்கஞ்சிதான் கெடைக்கும். வந்து தொழுதுக்குவா. போ பிள்ளை, ஓடு."

பிள்ளை ஓடினாள். சபுரா அவள் போன திசையையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கையைக் கட்டினாள். பக்கத்தில் நின்ற ஜெய்த்தூன் எதை ஓதினாள், எத்தனை ரக்அத் தொழுதாள் என்று அவளுக்கே தெரியாது.

தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்த கையோடு, பாயை விட்டு எழுந்திருக்காமலே சபுரா கேட்டாள்.

"ஜெய்த்தூனு, ஒன்னு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. பிள்ளை பெரிய மனுசி ஆயிட்டாளா?"

"இல்ல மதினி."

"பதிமூணு முடியப் போகுதுல்ல?"

"உடம்புல சத்து எங்க இருக்கு மதினி? நெஞ்செலும்பு தெரியுது, நீங்களே பார்த்தீங்கள்ல."

"நோன்பு வாயோட சொல்லு."

இந்த ஊர்ப்பக்கத்தில் நோன்பு வாயோடு சொல்லச் சொன்னால் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. காய்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஜெய்த்தூன் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நோன்பு வாயோட சொல்றேன் மதினி. பாலிகாகல."

"அல்ஹம்துலில்லா!" என்றாள் சபுரா. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஜெய்த்தூனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாலிகாகிவிட்டாள் என்றால் கையோடு கூட்டிப் போகலாம் என்று வந்தவள், ஆகவில்லை என்றதும் முகம் சுளிக்க அல்லவா வேண்டும்? சபுரா மடியிலிருந்து போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள்.

"நாம நெனச்ச மாதிரிதான் தம்பி. இன்னும் சின்னப் பிள்ளைதான். பஸ் ஸ்டாண்டுல காத்துக்கிட்டு நிக்காம, ஹஜ்ரத்தையும் கூட்டிக்கிட்டு வந்துருங்க."

"ஹஜ்ரத்து எதுக்கு மதினி?"

"நல்ல காரியத்துக்குத்தான். வந்து சொல்லுவான், இரு."

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. முன்னால் பீர்ஒலி, அடுத்துச் சபுராவின் புருஷன், அவர்களுக்குத் தெரிந்த ஒருவர், கடைசியாகப் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத். தலாக் ஆன பிறகு பீர்ஒலி ஜெய்த்தூனுக்கு அந்நிய ஆண். அவள் நடையின் குறுக்கே சேலை ஒன்றைக் கட்டிவிட்டு அடுப்படிப் பக்கம் ஒதுங்கினாள். சபுராவும் உள்ளே வந்து நின்றாள். கஞ்சி வாங்கப் போன ஷிஃபானா கொல்லை வழியாக வந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள்.

"கஞ்சி ஊத்துற எடத்துல இருந்து அவசரமா இழுத்துட்டு வந்துட்டீங்க. விசயத்தைச் சொல்லுங்க பாய்" என்றார் ஹஜ்ரத்.

பீர்ஒலி தொண்டையைச் செருமினான். "பெருநாள் கழிச்சு நான் சவூதிக்குக் கிளம்பணும் ஹஜ்ரத். மச்சான் எடுத்துக் குடுத்த விசா. திரும்பி வர எத்தனை வருசமாகுமோ. அதான் போறதுக்குள்ள எம் மகளுக்கும் அக்கா மகன் தௌபீக்குக்கும் நிக்காஹ் சொல்லி வச்சிரலாம்னு பார்க்கேன். இப்பச் சொல்லு மட்டுந்தான். பிள்ளை அவ அம்மாகிட்டயே இருக்கட்டும். பதினெட்டு முடிஞ்சதும் ஊரைக் கூட்டி விருந்து வச்சுக்கிருவோம்."

திரைக்குப் பின்னால் ஜெய்த்தூனின் கையை மகளின் விரல்கள் இறுகப் பிடித்தன.

"பிள்ளைக்குப் பதிமூணு வயசு பாய்" என்றார் ஹஜ்ரத். "சர்க்கார் சட்டம் தெரியும்ல? ஓதுனவன், ஓத வச்சவன், சாட்சி நின்னவன் எல்லாரும் உள்ள போகணும். நான் ஓத மாட்டேன்."

"நீங்க ஓத வேணாம். எங்க ஊருல, எங்க வீட்டு நடையில, ரெண்டு சாட்சியை வச்சு நானே சொல்லிக்கிறேன். பிள்ளை அங்க வரக்கூட வேணாம். நாலு சுவத்துக்குள்ள நடக்கிறதைப் போலீசுக்கு எவன் போய்ச் சொல்லப் போறான்? எனக்கு நீங்க மார்க்கத்தை மட்டும் சொல்லுங்க. பாலிகாகாத பிள்ளைக்குத் தகப்பன் நிக்காஹ் சொல்றதுக்கு அவ சம்மதம் வேணுமா?"

ஹஜ்ரத் சின்ன வயதுக்காரர்தான். ஆனால் ஆள் பார்த்து மார்க்கத்தை மாற்றிச் சொல்கிறவர் இல்லை.

"கிதாபுல வேணும்னு இல்ல" என்றார். "அதுக்காகச் செய்யுங்கன்னும் இல்ல. தகப்பன் சொல்லி வச்ச நிக்காஹை, பிள்ளை பாலிகான பெறகு வேணாம்னு தள்ளுறதுக்கும் நம்ம ஹனபியில வழி இல்ல. அதான் பயந்து செய்யணும்னு சொல்றேன். பாலிகாயிட்ட பிள்ளைன்னா கதையே வேற. அவ வேணாம்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும், பெத்த தகப்பனே நெனச்சாலும் நடக்காது."

"அதான் சின்னப் பிள்ளைன்னு பெத்தவளே நோன்பு வாயோட சொல்லிட்டாளே" என்றான் பீர்ஒலி.

அடிப்பாவி, என்ன காரியம் செய்தோம்! சபுராவின் முகம் ஏன் மலர்ந்தது என்று ஜெய்த்தூனுக்கு இப்போதுதான் உறைத்தது. மகள் பெரியவளாகிவிட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவாள், சொல்லத் தெரியாத பருவத்திலேயே முடிச்சுப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவள் வாயைத் தானே அல்லவா அடைத்து வைத்திருக்கிறாள்! கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்ட கதைதான்.

"தாயி" என்று ஹஜ்ரத் திரைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "அந்தப் பக்கம் இருக்கீங்கள்ல? உங்க வாயால நான் ஒரு தடவை கேட்டுக்கிறேன். பிள்ளை பாலிகாகலைங்கிறது நெசந்தானா?"

நிஜம் என்று சொன்னால் மகள் இந்த வீட்டிலேயே இருப்பாள். ஆனால் நாளைக்குள் எங்கேயோ ஒரு நடையில், அவள் இல்லாமலே, அவளை இன்னொருவன் மனைவியாக்கி வைத்துவிடுவார்கள். பொய் என்று சொன்னால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் மகள் இல்லை, இப்போதே தகப்பனோடு கிளம்ப வேண்டும். போலீசுக்குப் போகலாம். போவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டால்? யா அல்லா, எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளை போகிறாளே. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"சொல்லேன். எங்கிட்டச் சொன்னதைத்தான சொல்லப்போற?" என்று சபுரா முழங்கையால் இடித்தாள்.

ஜெய்த்தூன் திரைச் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே பீர்ஒலி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதுகுக்குப் பின்னாலிருந்த கை விலகியது. தூக்குச்சட்டியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"ஹஜ்ரத், நான் ஷிஃபானா பேசுறேன்." திரையை ஒட்டி வந்து நின்றாள். "நான் பாலிகாயிட்டேன்."

"ஏய்!" என்று சபுரா கத்தினாள். "பயந்துக்கிட்டுப் பொய் சொல்றா ஹஜ்ரத். பெத்தவ இப்பத்தான் சத்தியம் பண்ணுனா."

"அம்மா சொன்னதுதான் பொய் மாமி. எனக்காகச் சொன்னா."

"இதுக்கு என்ன சாட்சி?" என்றான் பீர்ஒலி.

"போதும் பாய்" என்று ஹஜ்ரத் அதட்டினார். "இந்த வயசுல பிள்ளை தன் வாயால சொன்னா அதுதான் சாட்சி. அதுக்கு மேல நோண்டிக் கேக்குறது மார்க்கமும் இல்ல, மரியாதையும் இல்ல. நீ மேல சொல்லும்மா."

"தௌபீக் மச்சானைக் கட்ட எனக்குச் சம்மதம் இல்ல. நான் இல்லாத எடத்துல வச்சுச் சொன்னாலும் சம்மதம் இல்ல. எல்லாரும் கேட்டுக்கங்க. அத்தா, நீங்களும் கேட்டுக்கங்க."

பிள்ளை நேற்று ராத்திரிகூடத் தலை பின்னிவிடச் சொல்லிச் சிணுங்கினவள். ஜெய்த்தூன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பெருமையும் பயமும் ஒன்றாகக் கிளம்பின.

"கேட்டுக்கிட்டேன்" என்றார் ஹஜ்ரத். "நான் சாட்சி. இனிமே எந்த நாலு சுவத்துக்குள்ள எவன் எதைச் சொன்னாலும் அது நிக்காஹ் இல்ல, வெறும் பேச்சு. மீறிச் செஞ்சா போலீசுக்கு மொத ஆளா நானே போவேன். ஜமாஅத்துலயும் இன்னைக்கே சொல்லி வைக்கேன்."

சபுராவின் புருஷன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். மச்சினனைப் பார்க்கவே இல்லை. நேரே போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார். பீர்ஒலியின் முகம் கறுத்துப்போனது. விசா எடுத்துக் கொடுத்த மனுஷன் முன்னால், மீசை வைத்த ஆம்பிளையை ஒரு பொட்டைப் பிள்ளை பேச்சில்லாமல் ஆக்கிவிட்டாள். ரோஷம் வந்த மனுஷன் சும்மா போவானா?

"சரி ஹஜ்ரத்" என்றான். "இது போச்சு, விடுங்க. ஜமாஅத்து அன்னைக்குப் பேசுன பேச்சு நிக்குதுல்ல? பாலிகானா எம் வீட்டுக்கு. இப்ப அவ வாயாலயே சொல்லிட்டா. எம் பிள்ளையை அனுப்பச் சொல்லுங்க."

"நடுவுல பள்ளிக்கூடம் கெடக்கே பாய். பரீட்சை முடியட்டும்."

"நரிக்குடியில பள்ளிக்கூடம் இல்லையா? நான் சவூதிக்குப் போனாலும் அக்கா பார்த்துக்கிருவா. நான் என்ன கொல்லவா கூட்டிட்டுப் போறேன்? பெத்த தகப்பன்."

ஹஜ்ரத் எவ்வளவோ பேசிப் பார்த்தார். படிப்பை நிறுத்துவதில்லை, வாரா வாரம் தாய் போய்ப் பார்க்கலாம், இந்த இரண்டுக்கும் பீர்ஒலியிடம் வாக்கு வாங்க முடிந்தது. அதற்கு மேல் அவன் இறங்கவில்லை. "நீங்களும் ஒத்துக்கிட்ட பேச்சுத்தானே தாயி" என்று திரையைப் பார்க்காமல் சொன்னார் ஹஜ்ரத். கோர்ட்டுக்குப் போனால் பிள்ளையின் நன்மையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள் என்று பாலாமணி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். போகத்தான் போகிறாள் ஜெய்த்தூன், விடப்போவதில்லை. ஆனால் கோர்ட்டு இன்றைக்குச் சாயங்காலம் நோன்பு திறப்பதற்குள் கூடாதே.

உள்ளறையில் மகளின் துணிகளைப் பைக்குள் வைத்தாள். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

"சொன்னா என்னை விட்டுப் போகணும்னு உனக்குத் தெரியாதாடி?"

"தெரியும்மா."

"பெறகு ஏண்டி சொன்ன?"

"நீ சொல்ல மாட்ட. உன்னால முடியாது." ஷிஃபானா அம்மாவின் முந்தானையை எடுத்து அவள் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் அதிலேயே தன் முகத்தையும் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். பீர்ஒலி பையை வாங்கிக்கொண்டு முன்னால் போனான். ஷிஃபானா செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனாள். சபுரா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கடைசியாகப் படியிறங்கினாள். மகனுக்குப் பார்த்த பெண் கைநழுவிய கோபம் அவளுக்கு. ஜெய்த்தூன் பேப்பரில் சுற்றிய பொட்டலத்தோடு ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"மதினி, ஒரு நிமிசம். பிள்ளைக்கு இது மொதத் தடவை. மாத்துறதுக்கு இதுல வச்சிருக்கேன். ராவுல வயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கெடப்பா, வெந்நி வச்சுக் குடுங்க. மத்தியானத்துல இருந்து பச்சத்தண்ணி குடிக்கல, உங்களுக்குப் பயந்துக்கிட்டு. வழியில ஏதாச்சும் வாங்கிக் குடுங்க மதினி."

சபுரா கையை உதறப் போனாள். உதறவில்லை. பொட்டலத்தைப் பார்த்தாள், ஆட்டோவில் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"எப்ப ஆனா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இன்னைக்குத்தான் மதினி. நீங்க வர்றதுக்குச் செத்த முன்னாடி" என்றாள் ஜெய்த்தூன். "எம் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தக்கூட எனக்கு நேரம் கெடைக்கல."